மீன்கொத்தி பறந்த வீடியோ

அத்தியாயம் 11

ஐந்தாவது இறக்கை காய்ந்துகொண்டிருந்தது.

சாப்பாட்டு மேஜையின் மேல் அதைப் படுக்கவைத்து, தன் பழைய கல்லூரிப் புத்தகங்களைப் பாரமாக அடுக்கியிருந்தாள் மதிவதனி. பசை பிடிக்க மதியம் ஆகிவிடும். மாலையில் ஏரிக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள்.

போன வாரம் நான்காவது மீன்கொத்தி விழுந்ததிலிருந்து அந்த வீட்டில் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. மூக்கைத் தூக்கியது, ஒரு கணம் அப்படியே நின்றது, இடது பக்கம் சரிந்து மண்ணில் குத்தியது. மூன்றாவதும் அப்படித்தான். இரண்டாவதும் அப்படித்தான்.

முதலாவது மட்டும் பறந்தது.

அந்த முதலாவதை நம்பித்தான் எல்லாமே. ஃப்ளெக்ஸ் கடையில் கிடைக்கும் நுரை அட்டையும் ஒரு கத்தியும் இருந்தால் யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளக்கூடிய குட்டி விமானம். ஆள் இல்லாமல் பறக்கும். கீழே நின்று ரிமோட்டில் ஓட்டலாம். வால் கிடையாது, நீல நிற இறக்கை மட்டும்தான். விமானப் பொறியியல் படித்து, வேலை பார்த்த கல்லூரியில் மாணவர் குறைந்து ஆட்குறைப்பில் வெளியே வந்த மதிவதனி, சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் உட்கார்ந்து வரைந்தது அது.

போன வருஷம் அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் அது பறந்தது. ஐந்தாம் மாதத்தில் குழந்தை கலைந்து, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவளிடம் கணவன் அன்பரசன் செல்போனை நீட்டினான். "மதி, உன் மீன்கொத்தி பறந்துடுச்சி. பாரு." நீலமாக ஒன்று வானத்தில் வட்டமடித்தது. மூன்று நாள் கழித்து அன்றுதான் அவள் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அந்த வீடியோவை விமான ஆர்வலர்கள் குழுவில் போட்டாள். எங்களுக்கும் அதன் வரைபடம் கொடுங்கள் என்று கேட்டார்கள். வடிவமைப்பை முடிக்க ஆளுக்குக் கொஞ்சம் பணம் போடுங்கள், எல்லாருக்கும் படம் இலவசம் என்றாள். ஓசூரிலிருந்து நாகர்கோவில் வரை இருநூறு பேருக்கு மேல் போட்டார்கள். தை மாதம் படங்களை அனுப்பினாள். அதிலிருந்து ஊர் ஊராக மீன்கொத்திகள் விழுந்துகொண்டிருந்தன.

அதற்குத்தான் இன்று. பௌர்ணமிக்குக் கிரிவலம் வருபவர்கள் அப்படியே வாருங்கள், உங்கள் கண் எதிரே பறக்க விடுகிறேன் என்று அறிவித்திருந்தாள்.

"எழுந்து ஒரு வாய் சாப்புடேன்," என்றார் மாமியார் திரௌபதி, சமையலறையிலிருந்து. கிரிவலப் பாதையில் சுண்டல் கடை போடுவதற்காகப் பெரிய குண்டானில் கொண்டைக்கடலை வெந்துகொண்டிருந்தது. அவர்கள் இருந்த அடி அண்ணாமலையில் பாதி வீடுகளுக்கு இன்று அதுதான் வேலை.

"அப்புறம் சாப்பிடறேன் அத்தை."

"இன்னிக்காவது பறக்குமா அது?"

"பறக்கணும்."

"மொதல்ல பறந்துச்சே. அப்ப இருந்த கை இப்ப எங்க போச்சி?"

குத்தலாகச் சொன்னதல்ல. ஆனாலும் மதிவதனி தன் கையைப் பார்த்துக்கொண்டாள். மூன்றாவது விழுந்த அன்று அன்பரசனும் அதைத்தான் சொன்னான். "ஆஸ்பத்திரில இருந்து வந்ததுல இருந்து உன் கையில ஒரு நடுக்கம் இருக்கு மதி. சொல்லக் கூடாதுன்னு பாத்தேன்." அதற்குப் பிறகு அவள் கத்தியை இரண்டு கையாலும் பிடித்துத்தான் அட்டையை வெட்டினாள்.

செல்போன் அடித்தது. ஓசூர் சரவணகுமார். முதன்முதலில் ஆதரவு கொடுத்தவர்களில் ஒருவன். எதற்கும் கோபப்படாத பையன்.

"மேடம், கெளம்பி வரணும்னு இருந்தேன். லீவு கெடைக்கல."

"பரவால்லப்பா."

"ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க. அந்த மொத வீடியோ... கடைசியில ஏரியில எறங்கற எடம் இருக்குல்ல? அதை நிறுத்தி, நெழலைப் பாருங்க."

"நெழலா?"

"நம்ம டிசைன்ல விமானத்தை இழுக்கற விசிறி முன்னால மூக்குல இருக்கு. அந்த நெழல்ல மூக்குல ஒண்ணுமே இல்ல மேடம். பின்னால நடுவுல ஒரு வெட்டு இருக்கு. விசிறி பின்னால இருந்தாத்தான் அப்படி வெட்டுவாங்க."

அவளுக்குச் சுரீர் என்றது. "என்ன சொல்ல வர, சரவணா? நான் ஏமாத்தறேன்னா?"

"ஐயோ, அப்படிச் சொல்லல மேடம். குரூப்ல நான் போடல. ஆனா நான் பாத்த மாதிரி வேற யாராவது பாத்துட்டா..."

போனை வைத்துவிட்டாள்.

அந்த வீடியோவை அவள் எத்தனை தடவை பார்த்திருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. தூக்கம் வராத போதெல்லாம் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தரையை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை.

இப்போது தரையைப் பார்த்தாள். விமானம் தாழ்ந்து வந்தது. காய்ந்த ஏரி மண்ணில் அதன் நிழல் ஓடி வந்தது. விரலால் நிறுத்தினாள். பெரிதாக்கினாள்.

மூக்கு மொட்டையாக இருந்தது. பின்னால் வெட்டு.

சமையலறையில் திரௌபதி ஏதோ கேட்டார். மதிவதனிக்குக் காதில் விழவில்லை. ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

* * *

கிரிவலப் பாதையில் தடுப்புக் கட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மதியத்துக்கு மேல் வண்டி விடமாட்டார்கள். அதற்குள்ளேயே ஜனம் நடக்க ஆரம்பித்திருந்தது. சந்து சந்தாகச் சுற்றி வேங்கிக்காலுக்கு வந்து சேர்ந்தாள்.

கலெக்டர் ஆபீசுக்குப் பக்கத்துத் தெருவில் அன்பரசனின் ஃப்ளெக்ஸ் கடை. உள்ளே பெரிய மெஷின் இப்படியும் அப்படியும் ஓடி, அன்னதான பேனர் ஒன்றில் யாரோ ஒருவரின் சிரிப்பைக் கோடு கோடாக அச்சடித்துக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரில் அன்பரசன். மெஷின் பக்கத்தில் வேலையாள் தருமன்.

"தருமன் அண்ணா, கொஞ்சம் டீ சாப்ட்டு வாங்க," என்றாள்.

தருமன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சட்டையை உதறிக்கொண்டு வெளியே போனான்.

"இன்னா மதி? பசை காஞ்சிடுச்சா?"

"அந்த வீடியோல பறக்கறது எது?"

மவுசில் இருந்த கை நின்றது.

"மீன்கொத்திதான்."

"விசிறி எங்க இருக்கு அதுல?"

அவள் நிறுத்திவைத்திருந்த படத்தை அவன் முன்னால் வைத்தாள். அவன் அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. ரொம்ப நாளாக எதிர்பார்த்துக்கொண்டிருந்த ஒன்று வந்துவிட்டதைப் போல நாற்காலியில் சாய்ந்தான்.

"நம்மளுது விழுந்துடுச்சி மதி."

"எப்போ?"

"வீடியோ எடுத்ததுக்கு முந்தின நாள். காலையில."

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"நீ ரெண்டு நாளா பேசல. டாக்டரம்மா கேட்டா தலைய மட்டும் ஆட்டுற. சோறு வெச்சா அப்படியே இருக்குது. உனக்குக் கொண்டாந்து காட்ட எங்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான். ஏரிக்கு எடுத்துட்டுப் போனேன். தூக்கிப் போட்டேன். விழுந்து ரெண்டாயிடுச்சி. அதை எடுத்துக்கினு உங்கிட்ட வரச் சொல்றியா? பஸ் ஏறி மெட்ராஸ் போயி, அதே மாதிரி ஒண்ணு வாங்கியாந்தேன். நம்ம நீலத்தையே அடிச்சேன். மறுநாள் சாயங்காலம் பறக்க விட்டு எடுத்தேன். அவ்ளோதான். உனக்குக் காட்டறதுக்குத்தான். வேற யாருக்கும் இல்ல."

"எப்படி விழுந்துச்சி?"

"எது?"

"நம்மளுது. எப்படி விழுந்துச்சின்னு கேக்கறேன்."

அவனுக்குப் புரியவில்லை. "மூக்கு மேல போச்சி. அப்படியே நின்னுது. அப்புறம்..."

"இடது பக்கமா சாஞ்சி குத்துச்சி."

"ஆமா."

மதிவதனி பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"படம் தப்பு," என்றாள். "அன்னிக்கே தப்பு. ஒரு வருஷமா நான் அந்தப் படத்தோட கணக்கைத் திரும்பப் பாக்கவே இல்ல அன்பு. பறந்த படமாச்சே, அதுல என்ன தப்பு இருக்கப் போவுதுன்னு. அட்டை சரியில்ல, பசை சரியில்ல, காத்து சரியில்லன்னு... அதே தப்புப் படத்தை இருநூறு பேருக்கு அனுப்பியிருக்கேன்."

"சொல்லிடணும்னுதான் தெனம் நெனப்பேன். நீ குரூப்ல போட்டுட்ட. ஜனங்க பணம் போட ஆரம்பிச்சிட்டாங்க. அப்புறம் எப்படிச் சொல்றது?" கொஞ்சம் நிறுத்திச் சொன்னான்: "நான் போடச் சொல்லல மதி. போட்டது நீதான்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் பார்வையை விலக்கிக்கொண்டான். சொன்னது உண்மை. அதனால்தான் அது அவ்வளவு அசிங்கமாக இருந்தது.

"ஆமா. நான்தான் போட்டேன்," என்றாள். "என் கை நடுங்குதுன்னு சொன்னியே. அது?"

அவன் மவுசை ஓரமாக நகர்த்தி வைத்தான்.

"நடுங்குச்சா அன்பு?"

அவன் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"கேக்கறேன்ல? நடுங்குச்சா?"

"இல்ல."

மெஷின் கடைசிக் கோட்டை அச்சடித்துவிட்டு நின்றது. கடை திடீரென்று அமைதியானது.

அன்பரசன் எழுந்து வந்து அவள் முன்னால் குந்தினான். "மதி, ஒண்ணு சொல்றேன், கேளு. வாங்கினது இன்னும் பரண்மேல இருக்கு. இன்னிக்கு அதையே விட்டுக் காட்டிடலாம். தூரத்துல நிக்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. பாத்துட்டு அமைதியா போயிடுவாங்க. அப்புறம் நீ நிதானமா படத்தைத் திருத்தி எல்லாருக்கும் அனுப்பு. யாருக்கும் நஷ்டம் இல்ல."

அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் செல்போனை நீட்டியபோது இருந்த அதே முகம். அதே அக்கறை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

எழுந்து வெளியே வந்தாள்.

* * *

வீட்டுக்கு வந்ததும் புத்தகங்களை இறக்கி வைத்துவிட்டு, பழைய கணக்கை எடுத்து முதலிலிருந்து போட்டாள்.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இறக்கை பின்னால் சாய்ந்திருப்பதால் எடை எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று போட்டிருந்த கணக்கு பிசகியிருந்தது. பேட்டரி நான்கு விரல் அளவுக்கு முன்னால் போக வேண்டும். அவ்வளவுதான். கல்லூரியில் இரண்டாம் வருஷப் பையன் இந்தத் தப்பைச் செய்திருந்தால் சிவப்பு மையில் வட்டம் போட்டிருப்பாள். தன்னுடையதை மட்டும் ஒரு வருஷமாகத் திறந்தே பார்க்கவில்லை.

நுரையைக் குடைந்து பேட்டரிக்கென்று முன்னால் புது இடம் வெட்டினாள். ஒரே கையால் வெட்டினாள்.

திரௌபதி பக்கத்தில் வந்து நின்றார். சுண்டல் குண்டானை இன்னும் வெளியே எடுத்துப் போகவில்லை. கண் சிவந்திருந்தது.

"அன்பு போன் பண்ணான்."

"ம்."

"எனக்கே இப்பத்தான் சொன்னான். நெஜமா." அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "ஏன்டா இப்படிப் பண்ணன்னு நானும் திட்டிட்டேன். ஆனா மதி, உனக்காகத்தான செஞ்சான்?"

"ஆமா அத்தை."

"ஊரு முன்னாடி அவன நிறுத்திடாத. கடை வெச்சிப் பொழைக்கறவன். நாளைக்கு எவன் வந்து அவங்கிட்ட பேனர் போடுவான்? அன்னிக்கு நீ படுத்துக் கெடந்த கெடை எனக்குத்தான் தெரியும். பொழைக்க மாட்டன்னு நெனச்சேன். அந்த வீடியோவப் பாத்துட்டுத்தான் எழுந்து ஒக்காந்த. அது பொய்யாவே இருக்கட்டும். இப்ப இன்னா கெட்டுப் போச்சி?"

மதிவதனி கத்தியைக் கீழே வைத்தாள்.

"எழுந்து ஒக்காந்தது நெஜம்தான் அத்தை. என்னால ஒரு புள்ளைய வெச்சிருக்க முடியல, ஆனா ஒண்ணைப் பறக்க வெச்சேன்னு நெனச்சித்தான் எழுந்து ஒக்காந்தேன். இப்ப ரெண்டுமே இல்ல."

திரௌபதி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, குண்டானைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

* * *

கோயில் பக்கமும் மலைப் பக்கமும் இப்படிப்பட்டவற்றைப் பறக்க விடக் கூடாது. அதனால் கீழ்பென்னாத்தூர் போகும் சாலையில், தண்ணீர் வற்றிய ஒரு ஏரியைத்தான் அவர்கள் எப்போதும் பயன்படுத்துவார்கள்.

பதினைந்து இருபது பேர் வந்திருந்தார்கள். சிலர் வேட்டி, வெறுங்கால் என்று கிரிவலத்துக்குத் தயாராகவே வந்திருந்தார்கள். விழுப்புரத்திலிருந்து மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் கண்ணாயிரம், காலேஜ் படிக்கும் மகள் பூஜாவை அழைத்து வந்திருந்தார். செங்கத்துப் பக்கத்து அர்ஜுனன் தன் உடைந்த மீன்கொத்தியைச் சாக்கில் கட்டி எடுத்து வந்திருந்தான். படத்தை வைத்து மூன்று செய்து மூன்றும் விழுந்தவன்.

அன்பரசன் பைக்கில் வந்து கரையோரம் நிறுத்தினான். பின்சீட்டில் பேனர் துணியால் சுற்றிய பொட்டலம் ஒன்று கட்டியிருந்தது. மதிவதனி அதைப் பார்த்தாள். அவனைப் பார்க்கவில்லை.

"எல்லாரும் கொஞ்சம் கிட்ட வாங்க," என்றாள். வகுப்பில் பேசுகிற குரல் வந்துவிடும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. "பறக்க விடறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும். குரூப்ல நான் போட்ட வீடியோல பறக்கறது மீன்கொத்தி இல்ல. கடையில வாங்கினது. பெயின்ட் அடிச்சது. என்னோட மொத மீன்கொத்தி அதுக்கு முன்னாலயே விழுந்துடுச்சி. எனக்கு இன்னிக்குக் காலையிலதான் தெரியும். உங்களுக்கு அனுப்பின படமும் தப்பு. பேட்டரி இருக்க வேண்டிய இடம் தப்பு. அதனாலதான் எல்லாருக்கும் விழுது. உங்க கையில தப்பு இல்ல."

பூஜா அப்பாவைப் பார்த்தாள்.

அர்ஜுனன்தான் முதலில் பேசினான். "யாரு எடுத்தது அந்த வீடியோவ?"

அவள் அன்பரசன் பக்கம் திரும்பினாள். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவன் சொல்வான் என்று காத்திருந்தாள். அவன் செருப்பு நுனியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"எங்க வீட்டுல எடுத்தது," என்றாள். "போட்டது நான்."

"உங்களுக்குத் தெரியாமலே போட்டுட்டீங்க? நீங்க இன்ஜினியர். நாங்க இதை நம்பணும்?"

"நம்பறது கஷ்டம்தான். படத்தைத் திருத்திட்டேன். இப்பப் பாருங்க."

விமானத்தை எறிய ஓர் ஆள் வேண்டும். அன்பரசன்தான் எப்போதும் எறிவான். பழக்கத்தில் முன்னால் வந்து கையை நீட்டினான். மதிவதனி அவனைத் தாண்டிப் போய்க் கண்ணாயிரத்திடம் கொடுத்தாள்.

"கொஞ்சம் மேல் பாக்க, நேரா எறிங்க சார்."

கண்ணாயிரம் எறிந்தார்.

மீன்கொத்தி கொஞ்சம் தாழ்ந்தது. பிறகு மூக்கு நேரானது. நின்று சரிகிற அந்த இடத்தைத் தாண்டியது. ஏறியது. கரைக்கு மேலே, வேலிக்காத்தான் புதருக்கு மேலே, நீலமாகத் திரும்பி வந்தது. அவள் விரல் சொன்ன பக்கமெல்லாம் திரும்பியது. பெரிய வட்டம் ஒன்று. அப்புறம் இன்னொன்று.

யார் இருக்கிறார்கள், என்ன சொல்லப்போகிறார்கள் என்பதெல்லாம் கொஞ்ச நேரம் அவள் நினைவில் இல்லை. வாய்விட்டுச் சிரித்தது தான்தான் என்பதுகூடத் தாமதமாகத்தான் தெரிந்தது.

புல்லில் மெல்ல இறக்கினாள். கண்ணாயிரம் கை தட்டினார். அவர் ஒருவர்தான் தட்டினார்.

மற்றவர்கள் பைக்கைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். அர்ஜுனன் பேனர் துணியைப் பிரித்துவிட்டான். உள்ளே நீலமாக இன்னொரு விமானம்.

"இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு," என்றான் அர்ஜுனன். "எது வாங்கினது, எது செஞ்சது? எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அதுல விசிறி பின்னால இருக்கு. இதுல முன்னால."

"முன்னால விசிறி வெச்சதும் கடையில கெடைக்குது, மேடம். ரெண்டு பெட்டி வாங்கியிருக்கீங்க. ஒண்ணு மாட்டிக்கிச்சி, அதனால இன்னொண்ணை விடறீங்க. பறக்கும்போதே தெரிஞ்சிது, இவ்ளோ சுத்தமா கையில செஞ்சது பறக்காது." அவன் குரலில் கோபத்தைவிட வேறு ஏதோ அதிகமாக இருந்தது. "எங்க வீட்டுல என்னைப் பைத்தியக்காரன்னு சொல்றாங்க. வேலைக்குப் போயிட்டு வந்து ராத்திரியெல்லாம் அட்டை வெட்டிக்கினு இருந்தேன். என் கைதான் சரியில்லன்னு நெனச்சேன்."

அவன் சொன்னது எல்லாமே அவளுக்கும் நடந்ததுதான். ஆனால் அதை இப்போது எந்த வாயால் சொல்வது?

"என்ன செஞ்சா நம்புவீங்க?" என்றாள்.

"கிழிச்சிக் காட்டுங்க."

கண்ணாயிரம், "ஏம்பா, வேணாம். பறந்த ஒண்ணை..." என்றார்.

"மதி, வேணாம்," என்றான் அன்பரசன். வந்ததிலிருந்து அவன் பேசிய முதல் வார்த்தை அது.

அவள் பையிலிருந்து கத்தியை எடுத்தாள். மீன்கொத்தியை முழங்காலில் வைத்து, இறக்கையின் முன்விளிம்பில் குத்தி, நுனிவரை இழுத்தாள். நுரை கறகறவென்று பிளந்தது. விரித்துப் பிடித்தாள். உள்ளே அவள் பென்சிலில் போட்ட கோடுகள், அழித்துப் போட்ட கோடுகள், அளவுகள், ஓரத்தில் பசை வழிந்த அவள் விரல் ரேகை.

அர்ஜுனன் குனிந்து பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். மற்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

"சரி," என்றான் கடைசியில். "செஞ்சதுதான்." அவன் முகத்தில் நிம்மதி எதுவும் வரவில்லை. தன் சாக்கைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். "ஆனா மொதல்ல பொய் வீடியோ பாத்துத்தான நாங்க வந்தோம்? அது மாறிடாது, மேடம்."

ஒருவர் பின் ஒருவராகக் கரை ஏறினார்கள். ஒரு சிலர் செல்போனில் தட்டிக்கொண்டே போனார்கள். குழுவில் இந்நேரம் என்ன ஓடும் என்று அவளுக்குப் பார்க்காமலே தெரியும்.

கண்ணாயிரம் கடைசியாக வந்தார். "நல்லாப் பறந்துச்சும்மா," என்று மட்டும் சொல்லிவிட்டு மகளோடு சாலையைப் பார்த்து நடந்தார். பூஜா இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள்.

ஏரியில் இருவர் மட்டும் நின்றார்கள்.

அன்பரசன் மெல்லக் கிட்ட வந்தான். "மதி, நான் எடுத்துட்டேன்." செல்போனை நீட்டினான். "எறிஞ்சதுல இருந்து எறங்கற வரைக்கும். முழுசா."

திரையில் மீன்கொத்தி பறந்துகொண்டிருந்தது. இந்த முறை உண்மையாகவே. பின்னால் தன் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவள் பிளந்த இறக்கைகளைக் கையில் பிடித்தபடி அதைப் பார்த்தாள்.

"நீ எடுத்த வீடியோவ யாரு நம்புவாங்க, அன்பு?"

அவன் செல்போனை மெல்லத் தாழ்த்தினான். அப்போதே அது அடித்தது. அம்மா. ஸ்பீக்கரில் போட்டான்.

"அன்பு, எங்கடா இருக்க?" திரௌபதியின் குரல் பதறியது, பின்னால் கிரிவலக் கூட்டத்தின் இரைச்சல். "ஸ்டேஷன்ல இருந்து ரெண்டு பேரு வந்திருக்காங்கடா. மதிவதனி வீடு எதுன்னு கேக்கறாங்க. யாரோ கம்ப்ளைன்ட் குடுத்திருக்காங்களாம். மத்தியானமே குடுத்துட்டாங்களாம். நான் இன்னா சொல்றது?"

அன்பரசன் மதிவதனியைப் பார்த்தான்.

"வந்துட்டிருக்கோம்னு சொல்லு," என்றாள்.

சொன்னான். போனை வைத்தான். பைக்கில் ஏறி உட்கார்ந்தவன் சாவியைத் திருகாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே இருந்தான்.

"மதி, வீடியோ யாரு எடுத்ததுன்னு அவங்க கேட்டா?"

"கேப்பாங்க."

"நீ இன்னா சொல்லப் போற?"

அவள் தன் ஸ்கூட்டரின் முன்கூடையில் உடைந்த துண்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கினாள். எதுவும் விழாதபடி துப்பட்டாவால் கட்டினாள்.

"போட்டது யாருன்னு கேட்டா நான் பதில் சொல்லுவேன்," என்றாள். "எடுத்தது யாருன்னு கேட்டா நான் வாயைத் தொறக்க மாட்டேன். அதைச் சொல்ல வேண்டியவன் நீ. ஏரியில ஒரு தடவை காத்திருந்தேன். வீட்டுல இன்னொரு தடவை காத்திருக்கேன்."

பதிலுக்கு நிற்காமல் வண்டியைக் கிளப்பினாள். கரை ஏறி, சாலையைத் தொட்டு, ஊர்ப் பக்கம் திரும்பினாள். பின்னால் பைக் வருகிற சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே ஓட்டினாள்.

வெகுதூரம் வரை கேட்கவில்லை.